அஞ்சு வருஷம் தாங்கும் போன்

"அஞ்சு வருஷத்துக்கு இடம் பத்தும்னு சொல்லித்தானே கடைக்காரன் தலையில கட்டினான்? அஞ்சு மாசம் தாங்கல. ஊர்ல இருக்கிற பன்னிக்கெல்லாம் இதுல இடம் இருக்கு, பெத்த பொண்ணு ஓடுறதைப் பிடிக்க இடமில்ல."

உலாமிலா போனைக் கணவன் அபெனிசாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'இடம் இல்லை' என்று அது அசையாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

ஃபிஜியின் சுவா விளையாட்டரங்கில் பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டப் பந்தயம். அடுத்தது இவர்கள் மகள் கெலேராவின் முறை. கீழே காலை உதறிக்கொண்டு நின்றாள். காலில் ஆணி வைத்த புது ஷூ, பிரிஸ்பேனிலிருந்து பெரியம்மா அனுப்பியது. அனுப்பும்போதே சொல்லிவிட்டாள்: "காசெல்லாம் வேண்டாம். இதைப் போட்டுக்கிட்டு அவ ஓடுறதை மட்டும் வீடியோ எடுத்து அனுப்பு."

"கெலேரா அப்பா, உங்களைத்தான் கேக்கிறேன்."

"அவங்க வந்து கெரெகெரென்னு கேட்டா நான் என்ன பண்ணட்டும்?"

கெரெகெரெ என்று சொந்தக்காரன் ஒருவன் வாய்விட்டுக் கேட்டுவிட்டால், இல்லையென்று சொல்ல எந்த ஃபிஜிக்காரனுக்கும் நாக்கு எழாது. மண்வெட்டி கேட்பார்கள், சட்டை கேட்பார்கள். இப்போது போனில் இடம் கேட்கிறார்கள். 'உன் போன் பெரிசாமே, என் படத்தையும் கொஞ்சம் போட்டு வையேன்.' போட்டு வைத்தவர்கள் ஒருவரும் திரும்ப எடுத்துக்கொண்டு போனதில்லை.

"கேட்டா இல்லைன்னு சொல்லணும். வாய் எதுக்கு இருக்கு? மரவள்ளிக்கிழங்கு திங்க மட்டுமா?" உலாமிலா கட்டைவிரலை ஓங்கினாள். "முதல்ல இந்தப் பன்னி போகட்டும்."

ஊரே திரண்டு வந்து உட்கார்ந்திருந்த பின்வரிசையிலிருந்து, அபெனிசாவின் தம்பி முறையான சகியூசா குனிந்தான்.

"அண்ணி, அந்தப் பன்னி இப்ப இல்ல. என் கல்யாணத்துல நாமதான் சாப்பிட்டோம். படம் மட்டும்தான் மிச்சம்."

"அதுக்கு நான் நினைவு மண்டபம் கட்டணுமா? எல்லாம் ஒரே மூஞ்சி."

"நல்லாப் பாருங்க அண்ணி. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி பார்க்குது."

"சரி, சர்ச் பாட்டு எல்லாத்தையும் அழிக்கிறேன்."

பாடகர் குழுவை நடத்தும் லோசலீனி பதறினாள். "ஐயோ, அதைக் கேட்டுத்தானே நாங்க சேர்ந்து பாடறோம்."

"கேட்டுமா அப்படிப் பாடறீங்க?"

அபெனிசா எட்டிப் பார்த்தான். "இது என்ன, 'ஞாயிறு பள்ளி'ன்னு ஒண்ணு? பாதி போனை இதுவே அடைச்சுக்கிட்டிருக்கு."

உலாமிலாவின் உள்ளங்கை திரையை மூடியது. "அது தேவ வசனம். அதுல கை வைக்கக் கூடாது."

"வசனம் பைபிள்லயே இருக்கே. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார், குடு."

"கெலேரா அப்பா, கையை எடுங்க."

இழுபறியில் யார் விரல் பட்டதோ, இந்தி சீரியல் ஒன்றின் தலைப்பு இசை அந்த வரிசை முழுவதும் முழங்கியது. திரையில் ஒரு மாமியார் மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். ஒரு மருமகள் தட்டைக் கீழே போட்டாள்.

பிள்ளைகளை உற்சாகப்படுத்தத் தகர டின்னைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"பக்கத்து வீட்டு ஷலேஷ்னி போட்டுக் குடுத்தா," என்றாள் உலாமிலா. "வேண்டாம்னுதான் சொன்னேன்."

'இல்லைன்னு சொல்ல வாய் இல்லையா' என்று அபெனிசா கேட்கவில்லை. அவன் குடித்தனம் நடத்தத் தெரிந்தவன்.

"எதுவரைக்கும் பார்த்தாச்சு?" லோசலீனி கேட்டாள்.

"மணமேடை வரைக்கும். மாப்பிள்ளை யாருன்னு இன்னும் காட்டல."

"அப்ப எப்படி அழிக்கிறது?" லோசலீனிக்கு நிஜமாகவே கவலை வந்துவிட்டது.

ஒலிபெருக்கி கெலேராவின் பெயரைச் சொன்னது. உலாமிலா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். 'நிச்சயமாக அழிக்கவா?' என்றது போன்.

யோசித்தாள்.

துப்பாக்கி வெடித்தது.

வரிசையே எழுந்து கத்தியது. உலாமிலாவும் போனை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். கெலேரா முதலாவதாக வந்தாள். கையைப் பார்த்தால், 'நிச்சயமாக அழிக்கவா?' என்று போன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

தொப்பென்று உட்கார்ந்தாள். "அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" குரல் உடைந்துவிட்டது.

தோளுக்கு மேலே சகியூசாவின் போன் நீண்டது. அதில் கெலேரா, கோட்டில் குனிந்ததிலிருந்து நெஞ்சால் நாடாவைத் தொட்டதுவரை, கொஞ்சமும் ஆட்டமில்லாமல். லோசலீனியின் போனில் ஷூ மட்டும் தனியாக. அந்த வரிசையில் எடுக்காதவர்களே இல்லை.

"பிரிஸ்பேன் அக்காவுக்கு அனுப்பியாச்சு அண்ணி," என்றான் சகியூசா. "எங்க சாமானெல்லாம் உங்க போன்லதானே இருக்கு. அதான் எங்க போன்ல இடம் கிடந்துச்சு."

உலாமிலா அந்த வீடியோவை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். பன்னியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் மனசுக்குள் வாபஸ் வாங்கினாள்.

"எனக்கும் அனுப்பு."

"அனுப்பினேன். உங்க போன் வாங்க மாட்டேங்குது."

"அந்தச் சீரியல்ல ஒரு பாகம் போனா போதும்," என்றான் அபெனிசா, பொதுவாக, வானத்தைப் பார்த்து.

உலாமிலா போனைப் பார்த்தாள். அணைத்தாள். பைக்குள் போட்டாள். பிறகு பின்வரிசையைப் பார்த்துத் திரும்பி, கல்யாணமான புதிதில் இருந்த குரலில் கேட்டாள்.

"சகியூசா, கெரெகெரெப்பா... மாப்பிள்ளை யாருன்னு தெரியற வரைக்கும் அந்த வீடியோ உன் போன்லயே இருக்கட்டுமே?"

அடுத்த ஓட்டத்துக்கு இன்னும் ஆளே வந்து நிற்கவில்லை. வரிசை முழுவதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெறும் தடத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.