திரும்பி வந்த சாக்லேட்டுகள்

மிளிருக்கு நாலு வயது முடிந்த அன்று, வகுப்பில் கொடுக்க அவள் அம்மா கார்த்திகா ஐந்து சாக்லேட் கொடுத்தனுப்பியிருந்தாள். சாயங்காலம் ஐந்தும் திரும்பி வந்தன.

ஆறே பிள்ளைகள் கொண்ட வகுப்பு என்பதால்தான், கோவையில் பல இடம் ஏறி இறங்கிய பிறகு அந்த மழலைப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு பேரில் சிலர் பெற்ற பிள்ளைகள், சிலர் ஆலையில் செய்த இயந்திரப் பிள்ளைகள். யார் யார் என்று பள்ளியில் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு அழைத்துப்போகும் நேரமும் ஆளுக்கு ஆள் வேறு. கூடப் படிக்கும் பிள்ளை யாரையாவது பிடிக்காவிட்டால் மாற்றித் தரச் சொல்லலாம்.

"போன வருஷம் நாலுதானே திரும்பி வந்துச்சு? ஒண்ணை நீ சாப்பிட்டியா?"

"நான் இல்லம்மா, செழியன். அவனுக்குக் காகிதம் பிரிக்கத் தெரியல, நான்தான் பிரிச்சுக் குடுத்தேன். மத்தவங்க தேங்க்யூ சொல்லிட்டு மிஸ்கிட்ட குடுத்துருவாங்க."

கார்த்திகா ஐந்து சாக்லேட்டையும் மறுபடி எண்ணினாள். செழியன் கிள்ளுவான், எந்நேரமும் அழுவான். செய்ததில் ஏதோ கோளாறு என்று நினைத்துத்தான் சில மாதம் முன்பு அவனை மாற்றச் சொன்னாள். மறுநாளே அவன் நாற்காலியில் சிரித்த முகமாக இன்னொருவன் இருந்தான்.

இப்போது அந்த வகுப்பில் அழத் தெரிந்தவள் மிளிர் மட்டும்தான்.

அவனை மாற்றிய அன்று பள்ளி வாசலில் ஒரு பெண், குட்டிப் புத்தகப் பை ஒன்றை மடியில் வைத்தபடி, ஸ்கூட்டரைக் கிளப்பாமலே உட்கார்ந்திருந்தாள். வண்டி ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கார்த்திகா அவளைத் தாண்டி வந்திருந்தாள்.