பன்னிரண்டாம் பக்கத்து எச்சரிக்கை

“உலகம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை, சாப்ட்வேர் மேனுவலை ஒரு மனிதப் பிறவியும் படித்ததில்லை” என்று செம்பூர் ஆபீசில் இசக்கிராஜ் பிரகடனம் செய்தான். பட்டறைகளுக்கான ஆர்டர் சாப்ட்வேரை எழுதியவன் அவன். அதன் தமிழ் மேனுவலில் எழுத்தளவு, இடைவெளி, வரிசை எண் என்று பக்கம் பக்கமாகத் திருத்துபவள் ஷர்மிளா.

“பன்னிரண்டாம் பக்கத்தைப் பாரு. ‘எல்லாம் அழி’ பட்டனை அமுக்கச் சொல்லிட்டு, அதுக்குக் கீழ ‘அமுக்கும் முன் நகல் எடுக்கவும்’னு இருக்கு. எச்சரிக்கை மேலதான் வரணும்.”

“அரே, மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன? ஒரு வரியைத் தூக்கி வைக்க ஒரு சம்பளம்! நேத்தே தாராவிப் பட்டறைகளுக்கெல்லாம் அப்படியே அனுப்பிட்டேன்.”

மேனுவலின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருந்த நம்பருக்கு போன் வந்தது. ஷர்மிளா எடுத்துக் கேட்டுவிட்டு இசக்கிராஜிடம் சொன்னாள்.

“தாராவி பேக் பட்டறையிலிருந்து ஒருத்தர். பட்டனை அமுக்கின பிறகுதான் அடுத்த வரியைப் படிச்சிருக்கார். தீபாவளி ஆர்டர் மொத்தமும் போச்சு.”

“மேனுவலைப் படிச்சாரா? எந்தக் கிறுக்கன் அது?”

ஷர்மிளா ஸ்பீக்கரைப் போட்டாள்.

“நாந்தாம்லே, ஒங்க அப்பன். மவன் ஆபீஸ் பொஸ்தகமாச்சேன்னு ஒரு வரி விடாமப் படிச்சேன். அதுல சொன்னபடியேதான் செஞ்சேன். அடுத்து என்னலே செய்யணும்?”

இசக்கிராஜ் பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் துழாவி, ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றிக் கொடுத்தான். சாயங்காலம் எல்லோரும் லோக்கல் ரயில் பிடிக்கக் கிளம்பினார்கள். இசக்கிராஜ் கிளம்பவில்லை. எச்சரிக்கையை மேலே ஏற்றிவிட்டு, பதின்மூன்றாம் பக்கத்தில் வரிசை எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.