டாப்பெட் சத்தம்

“இந்தச் சனியனை எப்போதான் வித்துத் தொலைக்கப் போறீங்க?”

மனைவி இதைக் கேட்டபோது அவர் தரையில் குந்தி, மோட்டார் சைக்கிளின் இன்ஜினோடு காதை ஒட்ட வைத்திருந்தார். டக டக டக என்றது இன்ஜின். மனைவியின் ஒரு கையில் டார்ச், மறு கை இடுப்பில்.

அவர் ஒரு பதிப்பகத்தில் பிழைதிருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க சிவப்பு மைப் பேனாவைத் தவிர வேறு ஆயுதம் எதையும் கையில் எடுத்ததில்லை. ஸ்பேனர் பிடிக்க ஆரம்பித்ததே இந்த வண்டி வந்த பிறகுதான்.

வண்டி அவருடைய தம்பியுடையது. தம்பிக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. தம்பி போன பிறகு, வண்டி அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. பேப்பரில் அச்சுப்பிழையைப் பார்த்தால்கூடத் திட்டுவதில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் தெரிந்தவர்கள் எல்லோரையும் பயமுறுத்தியது.

பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒருவர் வந்து பார்த்தார். வண்டி அருமையாக இருக்கிறது, டாப்பெட் சத்தம் மட்டும் வருகிறது, அதைச் சரிசெய்துவிட்டுச் சொன்னால் மறுநாளே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“மெக்கானிக்குக்கு எதுக்கு அழணும்? நீங்களே பாருங்க. சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க” என்றாள் மனைவி.

அந்த ‘சும்மாதானே’ சுருக்கென்று தைத்தது. துக்கத்தில் இருக்கிற மனுஷனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? கோபத்தில் விருட்டென்று எழுந்தார்.

தம்பியின் டூல் பையில் வண்டியோடு வந்த பழைய கையேடு இருந்தது. முதல் வேலையாக அதிலிருந்த அச்சுப்பிழைகளைத் திருத்தினார். புத்தகம் குணமான பிறகுதான் வண்டியைத் தொட்டார்.

விஷயம் அப்படியொன்றும் கடினமில்லை. வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் டாப்பெட்டுக்கும் நடுவே ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி வேண்டும். கூடிப் போனால் டக டக. மூடியைக் கழற்றி, திருகாணியைத் திருப்பி அளவு வைத்து, நட்டை இறுக்கினால் முடிந்தது. தாளின் கனம் அவருக்குத் தெரியாததா?

கை முழுக்கக் கீறலோடு சத்தத்தை நிறுத்தினார். அன்றைக்குச் சவரமும் செய்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் கிளப்பினால், டக டக டக.

மறுபடி மூடி, மறுபடி திருகாணி, மறுபடி நட்டு. இப்படியே வாரக்கணக்கில் போயிற்று. மனைவி ஓயாமல் குறை சொன்னாள். நல்ல துண்டெல்லாம் ஆயில் துண்டாகிவிட்டதாம். சமையலறைத் தட்டில் நட்டு போல்ட் கிடக்கிறதாம். ஒரு நட்டை முடுக்கத் துப்பில்லாதவருக்குப் புத்தகப் படிப்பு வேறாம். ஆனால் குறை சொல்லிக்கொண்டே தினமும் டார்ச் பிடித்தாள்.

அவரும் விடவில்லை. பதிலுக்குப் பதில் பேசினார். பசித்துச் சாப்பிட்டார். போன வாரம் ஒரு பத்திரிகை ஆபீசுக்கு போன் போட்டு, தலைப்பிலேயே பிழையா என்று சண்டைகூடப் பிடித்தார்.

நேற்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. நட்டு தானாகக் கழல்கிறதா என்று பார்த்துவிடலாம். இறுக்கிய கையோடு, நட்டின் மேலும் திருகாணியின் மேலும் சேர்ந்தாற்போல் ஒயிட்னரால் ஒரு கோடு இழுத்தார். கிளப்பிப் பார்த்தார். சத்தமே இல்லை. வாங்குகிறவருக்கு போன் செய்து நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்.

இன்று மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். வந்தவரை வாசலில் நிற்க வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

டக டக டக.

இன்ஜினை நிறுத்தி மூடியைக் கழற்றினார். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. நட்டில் இருந்த பாதி ஒரு பக்கம், திருகாணியில் இருந்த பாதி ஒரு பக்கம்.

நேற்றிலிருந்து வண்டி ஓடவே இல்லை. ஓடாத வண்டியில் நட்டு நகர அதற்கென்ன கால் முளைத்ததா? யாரோ கை வைத்திருக்கிறார்கள். கோபம் சுர்ரென்று ஏறியது.

அப்போதுதான் கையிலிருந்த மூடியைக் கவனித்தார். உட்பக்கம் ஒரு பொட்டு ஆயில் இல்லாமல் பளபளவென்றிருந்தது. முகர்ந்து பார்த்தார். பாத்திரம் துலக்கும் சோப்பு வாசனை.

அந்த வீட்டில் எந்த மூடியையும் துலக்காமல் திரும்ப வைக்கத் தெரியாத ஆள் ஒருத்திதான். தினமும் டார்ச் பிடித்தவளுக்கு எந்த நட்டு என்று தெரியாமலா இருக்கும்?

“என்ன, இன்னைக்கும் சரியாகலையா? உங்களுக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை” என்றாள் பக்கத்தில் நின்றவள். ஆனால் டார்ச் வெளிச்சம் மட்டும் லேசாக ஆடியது.

“என்ன சார், எடுத்துக்கலாமா?” வாசலிலிருந்து கேட்டார் வந்தவர்.

அவர் மூடியைத் துண்டில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“இல்லைங்க. சத்தம் இன்னும் போகலை. ரொம்ப நாள் ஆகும்போல இருக்கு.”

வெளிச்சம் ஆடாமல் நின்றது.

வந்தவர் கிளம்பிப் போனதும், அவர் பொறுமையாக இடைவெளியைச் சரிசெய்து, நட்டை இறுக்கி, மூடியை மாட்டினார். கை கழுவச் சமையலறைக்குப் போனவர், திரும்பும்போது அந்த நட்டுக்கான பத்தாம் நம்பர் ஸ்பேனரை, பாத்திரம் துலக்கும் சோப்புக்குப் பக்கத்தில், அவளுக்குக் கை எட்டுகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தார்.