சாமை முறுக்கு ரகசியம்

சென்னைக்குப் போன சரக்கு திரும்பி வந்த அன்றைக்கு மைக்கேல்ராஜ் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. இருநூறு பாக்கெட் சாமை முறுக்கு. ஒன்றைப் பிரித்து மோந்தார். எண்ணெய்ச் சிக்கு வாடை ஆளைத் தூக்கியது.

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா ஆர்டரே கிடையாதுங்க" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டார் சென்னைக் கடைக்காரர்.

ஆர்டர் போனால், வெள்ளிமலையில் நடத்தும் முறுக்குக் கம்பெனிக்கும் பூட்டுதான். ஆறு பெண்களுக்கு வேலை போய்விடும். அவரோ எலவனாசூர்கோட்டைக்குத் திரும்பி, மாமனாரின் கரும்புக் கொல்லையில் நிற்க வேண்டும். மாமனார் அந்த நாளுக்காகத்தான் காத்திருக்கிறார்.

இத்தனைக்கும் போன மாதம்தான், முறுக்கு பாக்கெட்டுக்கு ஒன்றாகப் போட, கோயம்புத்தூரிலிருந்து குட்டிக் குட்டிப் பொட்டலங்களை வரவழைத்திருந்தார். உள்ளே கறுப்பாக இரும்புத் தூள். நானோ அளவுக்குப் பொடித்தது. பாக்கெட்டுக்குள் இருக்கும் ஆக்சிஜனை இழுத்து அது துருப்பிடித்துக்கொள்ளும். முறுக்கு மூன்று மாதம் கெடாது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சங்கராபுரத்தில் போட்டிக்கு முறுக்கு போடும் தமிழழகன் காதுக்குப் போய்விட்டால்?

பேக்கிங் செய்யும் ஜெயம்மாள், பொட்டலத்தின் மேல் சிவப்பாக அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது இன்னா முதலாளி?" என்று கேட்டாள். அப்போதும் குரலைத் தாழ்த்தி, "தொழில் ரகசியம். வெளிய மூச்சு வுடாத. தூள் கையில பட்டா சோப்பு போட்டுக் கழுவிடு" என்றதோடு சரி.

இப்போது, திரும்பி வந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டினார். ஒன்றில்கூடப் பொட்டலம் இல்லை!

மறுநாள் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஜெயம்மாள் அக்கம்பக்கம் பார்த்தாள். முறுக்கோடு போட வேண்டிய பொட்டலத்தை இரண்டு விரலால் எடுத்துத் தன் சாப்பாட்டுத் தூக்கில் போட்டாள். பிறகு வெறும் முறுக்கை வைத்துப் பாக்கெட்டை ஒட்டினாள். அடுத்ததும் அப்படியே.

பத்து வருஷமாகக் கூடவே இருந்தவள். தமிழழகனிடம் விலை போய்விட்டாளே!

முந்தாநாள் அவள், "முதலாளி, உங்க ராசி, நட்சத்திரம் இன்னா?" என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவனிடம் நட்சத்திரம் கேட்கிறாளே என்று அப்போது சிரித்தார். இப்போது சிரிப்பு வரவில்லை. வியாபாரத்தைக் கெடுத்தது போதாதென்று செய்வினை வேறா?

போலீஸுக்குப் போன் போட்டார். சப்-இன்ஸ்பெக்டர் தமிழ்மொழி ஜீப்பில் மலையேறி வந்தார். ஜீப்பைக் கண்டதும் ஜெயம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. தூக்கைப் புடவைத் தலைப்பால் மூடினாள்.

"எடும்மா அத." வாங்கிக் கவிழ்த்தார் தமிழ்மொழி. பொலபொலவென்று பொட்டலங்கள் கொட்டின.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"ஒரு மாசமா மேடம்."

"யார் சொல்லி செஞ்ச?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

"பொய் மேடம்!" மைக்கேல்ராஜ் துள்ளினார். "தமிழழகன் பேரைச் சொல்லு ஜெயம்மா! உனக்கு நான் இன்னா கொறை வெச்சேன்?"

ஜெயம்மாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். வாயைத் திறக்காதீர்கள் என்று கண்ணைக் காட்டினாள். அடுத்த நிமிஷம் தடாலென்று சப்-இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தாள்.

"எங்க முதலாளி தங்கமானவருங்க மேடம்! நேரம் சரியில்லாமத்தான் முறுக்குல விஷம் வெக்கச் சொல்லிட்டாரு. அவரு பேருக்கு அர்ச்சனைகூட பண்ணிட்டேன். 'இதைச் சாப்பிடக் கூடாது'ன்னு எழுதியிருக்கிற பொட்டலம் ஒண்ணுகூட மலையை வுட்டு எறங்காம நான் பொறுக்கி வெச்சிட்டேன், இந்த ஒரு தபா அவரை ஜெயில்ல போடாம வுட்டுடுங்க!"