திரும்பி வரும் துளி

என்னைத் தவிர யார் இதற்குள் இருக்கிறார்கள் என்று சுகந்தி நினைத்துக்கொண்டாள். ஒலியை விழுங்கும் அறை அது. சுவரெங்கும் பஞ்சுக் கூம்புகள். கத்தினாலும் குரல் உதட்டோடு நின்றுவிடும். ஆனால் சோதனைக்கு வைத்த மைக் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன எதிரொலியைப் பிடித்துக் காட்டியது. மைக்கின் தாங்கிக்குக் கம்பளி சுற்றினாள். வயரை ஒதுக்கினாள். வளையலைக்கூடக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தாள். எதிரொலி போகவில்லை.

டார்ச் அடித்துத் தேடியபோது, மைக்குக்குப் பின்னால் ஒரு கூம்பின் நுனியில் குளவிக்கூடு இருந்தது. வயர் நுழையும் ஓட்டை வழியாக, வாயில் மண்ணைச் சுமந்துகொண்டு அந்தக் குளவி எத்தனை தடவை வந்து போயிருக்கும்! மூச்சை அடக்கிக் காதை அருகில் கொண்டுபோனாள். மண்ணுக்குள் ஏதோ மெல்லப் புரண்டது. வேறெந்த இடத்திலும் எந்தக் காதுக்கும் எட்டியிராத சத்தம்.

"என்னம்மா, அகப்பட்டுச்சா?" கதவருகே ஆய்வகத் தலைவர் அருளப்பன்.

"குளவிக்கூடு சார்."

"அடடே! கூடு கட்டினா வீட்ல குழந்தை பொறக்கும்பாங்களே. இங்க யாருக்காம்?" என்று சிரித்தவர், அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆனது நினைவுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சரி, சுரண்டி எடுத்துடு. நாளைக்கு மைக்கை அனுப்பியாகணும்." ஸ்க்ரூடிரைவரை நீட்டினார்.

சுகந்தி கையை நீட்டவில்லை.

"உள்ள உயிர் இருக்கு சார். அது பறந்து போகட்டும்."

மெதுவாகத்தான் சொன்னாள். அந்தக் குரலைச் சுவர்கள் விழுங்கிக்கொண்டன. கூட்டின் மேல் பட்ட ஒரு துளிக் குரல் மட்டும் அவளிடமே திரும்பி வந்திருக்கும்.