கிழிந்த படத்தின் மறுபாதி

சாப்பாட்டு மேசையின் மேல் காலை வெயில் விழுந்து கிடக்கிறது. பல் டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊர் ஊராகத் தேடியதில் இன்று தபாலில் வந்து சேர்ந்த பழந்தாளை இடுக்கியால் நகர்த்துகிறார். பக்கத்தில், அவர் சேர்த்துவைத்த போர் வரைபடங்களிலேயே அவருக்கு உயிரான பாதிப் படம், ஹால் சுவரிலிருந்து இறங்கி வந்து காத்திருக்கிறது. அதில் சிவப்புப் படை ஆற்றைப் பார்த்து ஓடுகிறது. “தோத்து ஓடுறவங்களைப் போய் ஹால்ல மாட்டியிருக்கீங்களே” என்று வருகிற விருந்தாளிகள் முன்னாலெல்லாம் மனைவி அவரைக் கேலி செய்வாள். கிழிசலும் கிழிசலும் பல்லுக்குப் பல் பொருந்துகின்றன. ஆறு அறுபடாமல் பாய்கிறது. ஓடிய சிவப்பு அம்புக்குறிகள் அக்கரையில் குன்றைச் சுற்றி வளைந்து, துரத்தி வந்த நீலப் படையின் முதுகிலேயே இறங்குகின்றன. “ஓடலைடி! ஓடுற மாதிரி போக்குக் காட்டியிருக்கானுங்க!” டாக்டரின் குரல் தெருமுனை வரை போகிறது. மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு குனிகிறாள். நெடுநேரம் நிமிரவே இல்லை. பிறகு விறுவிறுவென்று ஹாலுக்குப் போய், காலி ஆணிக்குப் பக்கத்தில் தொங்கும் கல்யாண போட்டோவைக் கழற்றுகிறாள். “அதை ஏன்டி எடுக்கறே?” “நகருங்க. ஜெயிச்சு வந்திருக்காங்க, கைகாலை நீட்ட இடம் வேணாமா?”