பக்கத்து சீட்

பழுதான ஏர்பேக் எந்த நொடியும் வெடிக்கலாம் என்று தகவல் வந்து, தீயணைப்பு அதிகாரி பட்டறைக்கு ஓடிவந்தார். ஆட்களை விலக்கினார். காரின் பேட்டரியைக் கழற்றிக் காலடியில் வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தார். அப்புறமும், ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் பெல்ட் போடவில்லை என்று கார் 'பீப் பீப்'பென்று கத்திக்கொண்டே இருந்தது. பேட்டரியே இல்லாமல் எந்தத் தெம்பில் கத்துகிறது சனியன்?

"சீட்ல ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணுமில்ல சார். மூணு நாளா இதே ரோதனை," என்றார் மெக்கானிக்.

அதிகாரி ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்த்தார். சீட் காலி. தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

"அட, பெல்ட்டைப் போட்டுத் தொலையேன்!" என்று காலி சீட்டைப் பார்த்துக் கத்தினார்.

'டக்'கென்றது. சத்தம் நின்றது.

பெல்ட் சீட்டில் படியாமல், ஒரு சாண் முன்னால் விறைப்பாக நின்று, மெல்ல ஏறி இறங்கியது.